தூங்குமூஞ்சி மரத்தின் மேல் போட்ட வழக்கு

பாகாலா சந்தைமேட்டில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்குத் திருப்பதியிலிருந்து சம்மன் வந்தது. மரத்தின் பெயருக்கே வந்தது. தபால்காரர் பாவம், ரசீதில் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஓர் இலைக்கொத்தைப் பறித்து, மையில் தோய்த்து, ரசீதில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் பொய் சொல்கிறவன் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. சந்தேகப்படுகிறவர்கள் தபாலாபீசில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

சம்மனை அனுப்பியது அந்நியத் தாவர அடையாள இயக்ககம். புதிதாக ஏற்படுத்தியது. எந்த மரம் இந்த மண்ணில் பிறந்தது, எது கடல் தாண்டி வந்தது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கடல் தாண்டி வந்ததை வெட்டிவிடுவார்கள். ‘நீ இந்த மண்ணைச் சேர்ந்தது என்று நிரூபிக்க நேரில் ஆஜராகவும். தவறினால் வேரோடு வெட்டப்படுவாய்’ என்று மரத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில்பாதை போட்ட துரைமார்கள் நட்டது என்பார்கள். நான் ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்தவன், எனக்குத் தெரிந்தே அது கிழமரம்தான். குடை விரித்தது மாதிரி நிற்கும். நிழலின் இந்த ஓரத்தில் சினையாக ஓர் ஆட்டை விட்டால், அது அந்த ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது குட்டியும் கூட நடந்து வரும். அவ்வளவு பெரிய நிழல்.

அந்த நிழலில்தான் தபீதாளின் இட்லிக்கடை இருந்தது. தபீதாள் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து, பாகாலா ரயில்வே லைனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. எங்கள் ஊர் வெயிலில் அடுப்பு இல்லாமல் நிற்கிறவனே வெந்துவிடுவான். மரம் இருந்தால் கடை உண்டு, மரம் போனால் கடை போயிற்று. கணக்கு அவ்வளவுதான்.

“நைனா, மரம் எப்பிடி நேர்ல போவும்?” என்று என்னைக் கேட்டாள்.

“அது போவாது. அதோட சார்பா நீதான் போவணும்.”

“நீயும் வா. உனக்கு வேற இன்னா வேல? இங்க ஒக்காந்து கடன்ல டீ குடிக்கிறத அங்க வந்து குடி.”

போனோம்.

இயக்ககம் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஆலமரம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஊற்றிய தண்ணீர் தரை விரிசல் வழியாகக் கீழே கல்யாணப் பந்தியில் சொட்டிக்கொண்டிருந்தது. “ரசம் ஏன்யா இப்பிடி தண்ணியா கீது?” என்று யாரோ சமையல்காரரைத் திட்டுவது மாடிவரை கேட்டது.

“இது பிளாஸ்டிக் இல்லியா?” என்றாள் தபீதாள்.

வாசலில் இருந்த ப்யூன் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். “எதுல செஞ்சதுன்றது முக்கியம் இல்லம்மா. இனம் ஆலமரம். பூர்வீகம்னு சர்டிஃபிகேட் குடுத்துக்கீறோம். ஊத்து.”

ஊற்றினாள்.

துணை இயக்குநரின் பெயர் டாக்டர் நாராயணசாமி. சத்தியவேடு பக்கத்துக்காரர், செடி கொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அவர் பக்கத்தில் ரூபா என்ற பெண், கையில் சிவப்பு மை ஊறிய ரப்பர் சீலோடு உட்கார்ந்திருந்தாள். இயக்ககத்தின் விதி மிகவும் எளிமையானது. எந்தப் பொருளைப் பார்த்து அவர் வாயால் ‘அந்நியம்’ என்கிறாரோ, அதன் மேல் ரூபா சீல் வைத்துவிடுவாள். சீல் விழுந்ததை விற்கக்கூடாது, தின்னக்கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது.

எங்களுக்கு முன்னால் திருச்சானூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தன் வீட்டு வேப்பமரத்துக்குச் சான்று வாங்க வந்தவர், மரியாதைக்கு ஒரு கூடை கொய்யாப்பழம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வைத்ததும் துணை இயக்குநரின் முகம் விளக்கேற்றியது போல் ஆயிற்று.

“சிடியம் குவாஜாவா!” என்றார். “தாயகம் அமெரிக்காவின் வெப்ப மண்டலம். இலையைக் கசக்கினால் ஒரு வாசனை வரும். பட்டை தகடு தகடாக உரியும். அடடா. அந்நியம்.”

ரூபா ஒவ்வொரு கொய்யாவின் மேலும் சீல் வைத்தாள். கொய்யாக்காரர் வெறுங்கையோடு, வேப்பமரத்தைப் பற்றிக் கேட்கவும் மறந்து போய்விட்டார்.

தபீதாள் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணை இயக்குநரின் முகத்தைப் பார்த்தாள். தோசைக்கல்லில் மாவு ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“பாகாலா தூங்குமூஞ்சி மரம்” என்று ரூபா கூப்பிட்டாள். “வந்திருக்கா?”

“நான் வந்துக்கீறேன்” என்றாள் தபீதாள்.

“மரத்தின் குணங்களைச் சொல்லுங்கள்” என்றார் துணை இயக்குநர்.

“ரொம்ப நல்ல மரம் சார்.”

“அது அபிப்பிராயம். எனக்கு லட்சணம் வேண்டும். இலை எப்படி?”

“சின்னச் சின்ன இலையா கொத்தா இருக்கும். பொழுது சாஞ்சா மூடிக்கும். மழ வந்தாலும் மூடிக்கும்.”

“பொழுது சாய்ந்தால் மூடுவது சரி. எல்லா ஆபீசும் மூடுகிறது. மழைக்கு ஏன் மூட வேண்டும்? எழுதும்மா ரூபா, பணி நேரத்தில் உறக்கம். பூ?”

“பவுடர் போட்ற பஞ்சு மாதிரி, ரோஸ் கலர்ல.”

“பொது இடத்தில் ஒப்பனை. காய்?”

“கறுப்பா நீட்டா தொங்கும் சார். உள்ள பிசுபிசுன்னு தித்திப்பா இருக்கும். ஆடு மாடுங்க அதுக்கு உயிர வுடும்.”

“உள்ளூர்க் கால்நடைகளுக்கு லஞ்சம்.”

“அதுங்க துன்னுட்டுச் சாணி போட்ற எடத்துலல்லாம் கன்னு மொளைக்கும் சார். யாரும் நட வேணாம். தண்ணி ஊத்த வேணாம்.”

“குடும்பத்தோடு குடியேற்றம். அனுமதி இல்லாமல்.” அவர் பேனாவை மூடினார். “சமானியா சமான். தென் அமெரிக்கா. ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன், இருந்தாலும் இயற்கை நீதி என்று ஒன்று இருக்கிறதே, அதற்காகக் கேட்டேன். நீங்கள் பேசுவது தமிழாக இருக்கிறதே, நீங்கள் எங்கிருந்து வந்தவர்?”

தபீதாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “வர்றதுக்கு நாங்க எங்க சார் போனோம்? எங்க தாத்தா சித்தூர்ல ராத்திரி படுக்கும்போது அது மெட்ராஸ் ராஜ்யம். காலைல எழுந்து பாத்தா ஆந்திரா. அவரு கட்டில வுட்டு எறங்கவே இல்ல. கோடுதான் எங்க ஊட்டத் தாண்டிப் போச்சு.”

“சார்” என்றாள் ரூபா, தலையை நிமிர்த்தாமல், “கோட்ட அந்நியம்னு எழுதிக்கட்டுமா?”

துணை இயக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அது தன் அதிகார வரம்பில் வராது என்று முடிவு செய்தார். பிறகு எழுந்து நின்று, எங்கள் இரண்டு பேருக்காக ஒரு சொற்பொழிவு செய்தார்.

“நான் மரங்களுக்கு விரோதி அல்ல. மரம் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் வித்தியாசம் பார்க்கிறேன். எங்கள் இலக்கு வெட்டுவது. வெட்டிய இடத்தில் நம் மண்ணின் மரத்தை நடுவது வேறொரு டிபார்ட்மென்ட். அவர்கள் இதுவரை ஒன்றும் நடவில்லை. அது எங்கள் தவறு இல்லை. ஒரு மரம் வளர நூறு வருஷம் ஆகும் என்று எல்லோரும் என்னிடம் வந்து அழுகிறார்கள். அம்மா, எங்கள் வருஷம் மார்ச்சோடு முடிகிறது. நூறு வருஷத்துக்கு நாங்கள் எங்கே போவோம்?”

சந்தை நாளன்று ஆட்களோடு வந்து வெட்டுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் நான் ஒரு யோசனை சொன்னேன். “மரத்துக்கு மஞ்சத் துணி கட்டிட்டு ரெண்டு எலுமிச்சம்பழத்த வெச்சுட்டா எவனும் கிட்ட வர மாட்டான்.”

“அப்பிடியே ஒரு சிலுவையும் மாட்டட்டா?” என்றாள். “வேணாம் நைனா. சாமிங்களுக்கு ஆயிரம் வேல கீது. மரத்த மரமாவே காப்பாத்தணும். அந்த ஆளு வர்றப்ப சந்தைக்காரங்கள மட்டும் கூடைய எறக்கி வெக்கச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

“நீ இன்னா பண்ணப்போற?”

“இட்லி போடுவேன். வேற இன்னா தெரியும் எனக்கு?”

சந்தை நாளில் ஜீப் வந்தது. பின்னாலேயே ஒரு வண்டியில் மரம் அறுக்கும் மிஷினோடு ஆட்கள். அவர்களுக்குத் தலைவன் தரணி, தோளில் மிஷினைத் தாங்கிக்கொண்டு இறங்கினான். துணை இயக்குநர் உத்தரவைப் படிக்க நல்ல இடம் தேடினார். வெயில் கொளுத்தியது. சந்தைமேடு முழுக்கப் பார்த்துவிட்டு, நேராக மரத்தின் நிழலில் வந்து நின்றுகொண்டு, மரத்தை ஏன் வெட்ட வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தார்.

கோடை முற்றினால் அந்த மரத்தில் ஏதோ பூச்சி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், உறிஞ்சியது மேலிருந்து பன்னீர் தெளித்த மாதிரி விழும். அன்றைக்கு உத்தரவின் மேலும் அவர் வழுக்கையின் மேலும் விழுந்தது.

“அதிகாரி மேல் எச்சில் துப்பியது” என்று சேர்த்துக்கொண்டார். “தரணி, ஆரம்பி.”

தரணி மிஷினைத் தரையில் வைத்தான். “சார், திருப்பதியிலேர்ந்து வெறும் வயித்தோட வந்துக்கீறோம். துன்னாம மிஷின தொடறதில்ல. அது எங்க தொழில்ல வழக்கம். கை நடுங்குனா காலு போயிடும்.”

துணை இயக்குநருக்கும் இட்லி ஆவி மூக்கில் ஏறியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். தபீதாள் தட்டைத் துடைத்து இட்லியை எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு கரண்டி கெட்டிச் சட்னி ஊற்றினாள். ஊற்றிவிட்டு, ரொம்ப அடக்கமாகக் கேட்டாள்.

“சார், நீங்க பெரிய படிப்புப் படிச்சவரு. இந்தச் சட்னில போட்டுக்கீறது இன்னா கொட்டன்னு சொல்லுங்க, பாக்கலாம்.”

கேட்டதுதான் தாமதம். “வேர்க்கடலை! அராகிஸ் ஹைபோஜியா. பூ மேலே பூக்கும், காய் மண்ணுக்குள்ளே போய்க் காய்க்கும். உலகத்தில் இது ஒரு அதிசயம் தெரியுமா? தாயகம் தென் அமெரிக்கா. அந்நி—”

மிச்ச எழுத்துகளை விழுங்கப் பார்த்தார். முடியவில்லை. ஊர் மொத்தமும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. “—யம்” என்றார்.

ரூபா சட்னிப் பாத்திரத்தின் மேல் சீல் வைத்தாள். தட்டிலிருந்த சட்னியையும் வழித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டுத் தட்டின் ஓரத்திலும் ஒன்று வைத்தாள்.

“ஆஹா” என்று யாரோ கை தட்டினார்கள். நான்தான். “இன்னா படிப்பு, இன்னா படிப்பு! சார், அந்தக் கூடைல கீறது இன்னா?”

“காப்சிகம் அன்னூம். மிளகாய். மெக்சிகோ.”

சீல். மிளகாய்க்காரி கூடையைத் தானே முன்னால் தள்ளினாள். தக்காளிக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். தக்காளிக்கு ஆண்டிஸ் மலை என்றார். உருளைக்கிழங்குக்கும் அதே மலை என்றார். பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழம், முந்திரி, மக்காச்சோளம், பரங்கிக்காய் என்று வரிசையில் நின்றது சந்தை. ஒவ்வொன்றுக்கும் பெயர், ஊர், இலையின் ஓரம் எப்படி, விதையின் முதுகு எப்படி என்று ஒரு பாட்டு மாதிரி சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கை தட்டினோம். பாவம், அவருக்கு வாழ்நாளில் யாரும் கை தட்டியதில்லை போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

“இந்த தேசத்தில் இதையெல்லாம் பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்” என்று அவரே கூட்டத்துக்கு விளக்கினார். “என் மேலதிகாரிக்கு ஆலமரத்துக்கும் அரச மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அவர் மேலதிகாரி.”

புளிமூட்டையைக் கொண்டுவந்தார்கள். எங்கள் சாம்பாரில் கரைகிற புளி. “டமரிண்டஸ் இண்டிகா” என்று ஆரம்பித்தவர் கொஞ்சம் தயங்கினார். சீல் ரூபாவின் கையில் அந்தரத்தில் நின்றது. “ஆப்பிரிக்கா” என்றார். சாம்பாருக்கும் விழுந்தது. காப்பிக்கு எத்தியோப்பியா. துலுக்கச் சாமந்திப் பூவுக்கு மெக்சிகோ. பூக்காரி தன் தலையில் இருந்த பூவையும் குனிந்து காட்டினாள். ரூபாவிடம் சிவப்பு மை தீர்ந்துபோய், எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் வெற்றிலை குதப்பிய சாற்றைக் கேட்டு வாங்கித் தோய்த்துக்கொண்டாள் என்று நான் சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

கடைசியில் சந்தை முழுவதும் சிவந்து கிடந்தது. துணை இயக்குநர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பெருமையாகத் தட்டின் முன் உட்கார்ந்து, ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். அரிசியும் உளுந்தும் மட்டும்தான் தப்பித்திருந்தன. அந்த ஒரு விள்ளல் தொண்டையில் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குடித்தார். இட்லி ஊறிப் பெரிதாயிற்று.

“கொஞ்சம் சட்னி” என்றார்.

“எப்பிடி சார் போடுவேன்?” என்றாள் தபீதாள். “சீல் வெச்சுக்கீது. நீங்களே வெச்சது.”

“சாம்பார்?”

“ஆப்பிரிக்கா சார்.”

தரணியின் ஆட்களும் வெறும் இட்லியை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “சட்னி இல்லாம இத்த எப்பிடிய்யா துன்றது?” என்றான் தரணி. “துன்னாம மிஷின தொடமாட்டோம் சார். நான் மொதல்லயே சொன்னேன்.”

“வேறு கடைக்குப் போங்கள்.”

“எல்லாக் கடைக்கும் இங்கேர்ந்துதான் சாமான் போவுது சார். மொத்தமும் செவப்பா கீது. ஸ்டேஷன் கேண்டீன்காரன் இப்பத்தான் வந்து பாத்துட்டு அழுதுகினே போனான்” என்றேன் நான்.

துணை இயக்குநர் ரூபா பக்கம் திரும்பினார். “அந்தச் சட்னிப் பாத்திரத்து சீலை மட்டும் அழித்துவிடு.”

“முடியாது சார்” என்றாள் ரூபா. “அழிக்கணும்னா அந்நியம் இல்லன்னு நீங்களே காரணத்தோட உத்தரவு போடணும். நீங்க எழுதின விதிதான்.”

அவர் தட்டைப் பார்த்தார். சட்னியைப் பார்த்தார். தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் மேலே மிதந்துகொண்டு, வாசனை வேறு விட்டுக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவருக்குக் காரணமா பஞ்சம்?

“எழுதிக்கொள். வேர்க்கடலை கடல் தாண்டி வந்தது உண்மை. ஆனாலும் பல தலைமுறையாக இந்த மண்ணில் முளைத்து, இந்த மழையைக் குடித்து, இங்குள்ள ஜனங்களுக்கும் ஆடு மாடுகளுக்கும் பயன்பட்டு வருவதால், அது இந்த ஊரோடு இயல்பாகிவிட்டது. தாவர சாஸ்திரத்தில் இதற்குத் தனி இடமே உண்டு. இயல்பானதை அந்நியம் என்று சொல்வது அறியாமை.”

“நல்லா கீது சார்” என்றாள் தபீதாள். கரண்டி அவள் கையில் இருந்தது. இன்னொரு கையால் பாத்திரத்தை மூடி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “ஆனா கடலைக்கு மட்டும் எழுதினா நான் தெறக்க மாட்டேன்.”

“ஏன்?”

“சட்னில மொளகா கீது.”

“சரி. மிளகாய்க்கும்.”

“சாம்பார்ல புளி கீது. அவங்க கூடைல பப்பாளி கீது. அந்தப் பூக்காரி தலைல பூவு கீது. ஒண்ணொண்ணா எழுதிகினு இருந்தா இட்லி ஆறிப்பூடும் சார். பொதுவா எழுதுங்க.”

“எந்தத் தாவரமும்” என்று ரூபா தானே எழுதிக்கொண்டு, தாளை அவர் முன்னால் நீட்டினாள்.

துணை இயக்குநர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. நிமிர்ந்து மேலே பார்த்தார். மரம் பூத்திருந்தது. கிளையெல்லாம் ரோஸ் நிறம். சுற்றிலும் சந்தைமேட்டு ஓரத்தில், சாணி விழுந்த இடத்திலெல்லாம், அதன் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன.

“எந்தத் தாவரமும் என்றால்...” என்றார்.

“மரமும்தான் சார்” என்றாள் தபீதாள். “நான் ஒளிச்சு வெச்சுப் பேசல. நேராவே கேக்கறேன். இந்த மரத்த வெட்டணும்னா கடலைய, மொளகாய, புளிய அத்தினியும் வெட்டுங்க. வெட்டிட்டு இந்த இட்லிய வெறும் வாயில துன்னுங்க. நாளைக்கும் வெறும் வாயில துன்னுங்க. உங்க ஊட்லயும் அப்பிடியே துன்னச் சொல்லுங்க. முடியும்னா மிஷின தூக்கச் சொல்லுங்க, நான் வண்டியத் தள்ளிகினு போறேன். முடியாதுன்னா கையெழுத்துப் போடுங்க. கரண்டி இங்க கீது. பேனா அங்க கீது.”

ஆடுகள் கீழே விழுந்த காயை மென்றுகொண்டிருந்தன.

“மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

“அவுங்களுக்கு மரமே தெரியாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?” என்றான் தரணி. “வெட்டியாச்சுன்னு சொன்னாலும் நம்புவாங்க, வெட்டலன்னாலும் நம்புவாங்க.”

அவர் கையெழுத்துப் போட்டார். தன் பட்டங்களையெல்லாம் கீழே வரிசையாக எழுதி, தேதியும் போட்டார். தபீதாள் தாளை வாங்கி, ரூபாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகுதான் மூடியைத் திறந்தாள். தரணி ஆட்களுக்கு முதலில் ஊற்றினாள். ரூபாவுக்கு ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள். மிளகாய்க்காரி, தக்காளிக்காரன், பூக்காரி எல்லோரும் தட்டோடு வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். பெஞ்சில், வேரில், தரையில், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து, எங்கும் ஆள்.

துணை இயக்குநர் சட்னிக்காக எழுந்து வண்டிவரை போனார். தபீதாள் தட்டு நிறைய ஊற்றினாள், கஞ்சத்தனம் செய்யவில்லை. திரும்பிப் பார்த்தால் அவருடைய இடத்தில் சப்போட்டாக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். துணை இயக்குநர் தட்டை ஏந்திக்கொண்டு, உச்சி வெயிலில், நிழலின் விளிம்பில் நின்றார். செருப்புக்காலை மாற்றி மாற்றி வைத்தார்.

“அம்மா, உட்கார எங்கேயாவது கொஞ்சம் இடம்...”

தபீதாள் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே சுற்றிப் பார்த்தாள். அடிமரத்தின் ஓரமாக ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆள் இல்லை. அங்கே ஆடுகள் படுத்திருந்தன.

“அதுங்க எழுந்துகினா ஒக்காருங்க சார்” என்றாள்.

ஆடுகள் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.